வாயு வருதா, போகுதா? கொடைக்கானல்ல ஒரு கோடு சொன்ன கதை

இன்னைக்கு இடிக்கிற கணக்கு ஒண்ணோட ஆரம்பிக்கலாம்.

நம்ம பால்வீதியில வருஷத்துக்கு சுமாரா ஒண்ணு ரெண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் பிறக்குது. இந்த வேகத்துல போனா, கைவசம் இருக்கிற வாயு சில நூறு கோடி வருஷத்துல தீர்ந்துடணும். ஆனா 1,000 கோடி வருஷத்துக்கு மேலாகியும் கடை மூடல. அப்போ வெளியிலிருந்து சரக்கு வந்துட்டே இருக்கணும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன மாசம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போனப்போதான் எனக்கு இது புரிஞ்சது. மலைப்பாதையில எதிர்ல வர்ற பஸ்ஸோட ஹாரன் கீச்சுனு கேட்கும், தாண்டிப் போனதும் சுருதி இறங்கும் இல்லையா? ஒளியும் அப்படித்தான். வாயு நம்மை நோக்கி வந்தா அதோட நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனா சிவப்புப் பக்கம்.

1909 ஜனவரி 5. ஜான் எவர்ஷெட் இதே ஆய்வகத்துல சூரியப் புள்ளிகளோட நிறமாலையைப் பார்க்கிறார். புள்ளிக்குள்ள வாயு சுழலும்னுதான் அப்போ எதிர்பார்ப்பு. ஆனா சூரியனோட ஓரத்துக்குப் பக்கத்துல இருந்த புள்ளிகள்ல, உள்பக்கப் பாதி நீலத்துக்கும், ஓரத்துப் பக்கப் பாதி சிவப்புக்கும் நகர்ந்திருந்தது. அதாவது, வாயு நடுவிலிருந்து நாலா பக்கமும் வெளியே ஓடுது, நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர் வேகத்துல! இதுக்கு இன்னைக்கும் 'எவர்ஷெட் விளைவு'னுதான் பேர்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. நினைச்ச ரிசல்ட் வரலைன்னா முதல்ல டேட்டாவைத்தான் திட்டுவேன். அவர் கோட்டை நம்பினார்.

கேலக்ஸிகளுக்கும் இதே டெக்னிக்தான். எம்82 கேலக்ஸியில புது நட்சத்திரங்களும் சூப்பர்நோவாக்களும் சேர்ந்து வாயுவை நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல வெளியே ஊதித் தள்ளுது. இன்னொரு பக்கம், 1963-ல கண்டுபிடிச்ச ஸ்மித் மேகம் நம்ம பால்வீதி மேலயே விழுந்துட்டு இருக்கு. சுமார் 3 கோடி வருஷத்துல வந்து மோதும். இதைச் சொன்னதும் ஹைட்ரஜனோட ரேடியோ கோடுதான்.

வரவு நின்னாலோ, செலவு எல்லை மீறினாலோ, நட்சத்திரப் பிறப்பு குறையும். நீல நிற இளம் நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துடும். மிச்சம் இருக்கிற வயசான நட்சத்திரங்களால கேலக்ஸி சிவந்து அடங்கிப் போகும். வெளியே போன வாயுல கொஞ்சம் திரும்ப விழுந்தா, அந்த இழப்பு ஓரளவு ஈடாகும்.

அடுத்த தடவை கொடைக்கானல் போனா, லேக்ல போட்டிங் முடிச்சுட்டு அந்த ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.