வியட்நாமுக்கு எந்த மாதம் போகலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வியட்நாமில் எந்த ஊருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 1,650 கிலோமீட்டர் நீளும் நாடு அது. இடுப்பில் அகலம் 50 கிலோமீட்டர்தான். ஜனவரியில் ஹனோய்வாசிகள் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கியிருக்கும் அதே காலையில், ஹோ சி மின் நகரத்தில் (பழைய சைகோன்) சட்டை முதுகோடு ஒட்டும். பேக்கேஜ் விளம்பரங்களில் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே பயணத்திட்டம், ஒரே வெயில் அடிக்கும் படம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வியட்நாமின் வானிலையும் நம்முடையதைப் போல இரண்டு பருவக்காற்றுகளின் கையில்தான் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது தெற்கிலும் வடக்கிலும் மழை. நடுப்பகுதியில் மட்டும் மழை குறைவு, வெயில் கொளுத்தும். லாவோஸ் எல்லை நெடுக நிற்கும் ட்ரூங் சோன் மலைத்தொடர் மேற்குப் பக்கத்திலேயே மழையை வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் வறண்ட அனலை இறக்கிவிடுகிறது. இதை அந்த ஊர்க்காரர்கள் ‘லாவோஸ் காற்று’ என்பார்கள். ஜூன் மாதம் கேரளத்தில் கொட்டும்போது நாம் காய்கிறோமே, அதே கணக்கு. ஐப்பசி வாக்கில் காற்று திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி ஈரத்தோடு வந்து, அதே மலையில் கிழக்குப் பக்கமாக மோதுகிறது. சென்னையில் குடையை எடுக்கும் நாட்களில் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் நனைகின்றன. வடக்கும் தெற்கும் அப்போது காயத் தொடங்கியிருக்கும்.

ஆகவே திட்டத்தை நடுவிலிருந்து போடுங்கள். ஹனோயில் இறங்கித் தெற்கே போவதா, தெற்கில் இறங்கி வடக்கே ஏறுவதா என்பதெல்லாம் அப்புறம். உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தில் நடுப்பகுதிக்குப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள்.

தீபாவளியை ஒட்டி, அக்டோபர், நவம்பரில்தான் விடுமுறை என்றால், என் யோசனை நடுப்பகுதியைக் கழற்றிவிடுவதுதான். ஹோய் ஆன் அழகான ஊர். ஆனால் தூ போன் ஆற்றின் வாயருகே தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே டான் கி என்ற பழைய வணிகர் வீட்டில், ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஆண்டு போட்டுச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். சில குறிகளை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் தெருவில் படகு ஓடுவது அவர்களுக்குச் செய்தியே இல்லை. அதே நவம்பரில் ஹனோய் மிக இதமாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். தெற்கில் மழை ஓயும். இரண்டுக்கும் நடுவே விமானம் இரண்டு மணி நேரம்தான்.

மாறாக மே, ஜூன் பள்ளி விடுமுறை என்றால் டா நாங், நா ட்ராங் கடற்கரைகளுக்கு அதுதான் நல்ல காலம். வெயிலுக்குப் பழகியவர்களாக இருந்தாலும் மத்தியான வேளையைக் கூரைக்கு அடியில் கழியுங்கள். மீ சோன் சிவாலயத் தொகுதிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, பத்து மணிக்கு மேல் செங்கல் சூடேறிவிடும். சம்பா அரசர்கள் கட்டிய கோயில்கள் அவை. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும்பகுதி போயிற்று. எஞ்சியவற்றில் சிலவற்றை இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்திருக்கிறது. அந்தப் பணியின்போது 2020இல் ஒரே மணற்கல்லில் செய்த சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ஹனோயில் நாள்கணக்கில் பூந்தூறல் விழும். ஈரக்காற்று குளிர்ந்த தரையில் படிந்து, ஓடு பதித்த தரையும் சுவரும் வியர்த்து நிற்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஏப்ரல் நெருங்கினால் இது குறையும்.

வடக்கின் மலைப்பகுதிக்குத் தனிக் கணக்கு. சா பா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படிக்கட்டு வயல்களில் நீர் கட்டி நிற்பதைப் பார்க்க மே, ஜூன். கதிர் முற்றி மஞ்சளாவதைப் பார்க்கச் செப்டம்பர். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தில் வயலே தெரியாமல் போகலாம். ஹா லாங் விரிகுடாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் பயம் உண்டு. 2024 செப்டம்பரில் யாகி புயல் அந்தக் கரையைத்தான் தாக்கியது. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை விடமாட்டார்கள். அந்த மாதங்களில் போனால் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி, மற்ற மாதங்களில் பெரும்பாலும் பிற்பகலில் ஒரு பாட்டம் மழை. அது நின்றதும் கிளம்பலாம்.

எந்த மாதமானாலும் டெட் எனும் சந்திரப் புத்தாண்டு எப்போது வருகிறது என்று பாருங்கள். 2027இல் பிப்ரவரி 6. அந்த வாரம் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும்; ரயிலில் இடம் இருக்காது, பல உணவகங்கள் பூட்டியிருக்கும்.

இந்தியர்களுக்கு இ-விசா 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை கிடைக்கிறது. மாகாணப் பெயர்களில் மட்டும் கவனம்: 2025 ஜூலையில் 63 நிர்வாகப் பிரிவுகளை 34 ஆகச் சுருக்கிவிட்டார்கள். ஹோய் ஆனும் மீ சோனும் இப்போது டா நாங் நகர எல்லைக்குள் வருகின்றன. பழைய வழிகாட்டி நூல்களில் குவாங் நாம் என்று இருக்கும். சைவக்காரர்கள் ‘சாய்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். அது பௌத்தச் சைவ உணவு. வெறும் கீரைப் பொரியலிலும் நொதித்த மீன் சாறு இருக்கக்கூடும் என்பதால், ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் வேலைக்காகாது.

ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. முழுதும் போனால் ஒன்றரை நாள் வரை ஆகும். எனக்கு அது வீண் என்றே படுகிறது. ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான மூன்று மணி நேரம் போதும். இடையில் ஹை வான் மலை கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது; வடக்கின் குளிர்காற்றைப் பெருமளவு தடுப்பது அதுதான். ரயில் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே போகும். மலையின் ஒரு பக்கம் மூட்டமும் மறுபக்கம் வெயிலுமாக இருப்பது சகஜம். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடதுபுறம் வரும். சீட்டு எடுக்கும்போதே அந்தப் பக்கத்து ஜன்னலைக் கேளுங்கள்.