எட்டாத இடத்தில் ஒரு மூக்கு!

காரோ பைக்கோ, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் சாவியைத் திருப்பினால், மஞ்சளாக ஓர் இன்ஜின் படம் டாஷ்போர்டில் எரியும். கண்டுகொள்ளாமல் ஒரு மாசம் ஓட்டுவீர்கள். பெட்ரோல் கணக்கு உதைக்க ஆரம்பித்த பிறகுதான் மெக்கானிக் ஞாபகம் வரும். அவரும் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிஜன் சென்ஸார் போயிடுச்சு சார்” என்பார்.

சென்ஸார் என்றால் சினிமாவுக்குக் கத்தரி போடும் சமாசாரம் என்றுதானே நினைத்திருந்தோம்? இது வேறு. புகைக் குழாயில் திருகி வைத்த ஒரு மூக்கு. உள்ளே ஸிர்கோனியா என்ற பீங்கான் குப்பி. அதன் ஒருபக்கம் இன்ஜின் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்ஸிஜன் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறுத்து மின்சாரம் பிறக்கும். பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1. இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடையைக் காப்பாற்றுகிறது. மூக்கு அடைத்துவிட்டால் குத்துமதிப்பாக ஊற்றும். பெரும்பாலும் தாராளமாகவே ஊற்றும்!

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்து, 1976-ல் வோல்வோ காரில் முதலில் ஏறிய சரக்கு இது. கலிஃபோர்னியாவின் புகைச் சட்டத்துக்காக. நம்ம ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில், புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் பைக்குகளுக்கும் மூக்கு முளைத்துவிட்டது. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருக்கிறது. சென்ஸார் விலையைப் போலப் பல மடங்கு தண்டம் அழ வேண்டியிருக்கும்.

ஆனால் விளக்கு எரிந்ததாலேயே சென்ஸார் செத்தது என்று அர்த்தமில்லை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா? வயரை எலி ருசி பார்த்திருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மிதந்ததே, அந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். கருவியில் பி 0135 என்று வந்தால் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். நாலு வயர் சென்ஸாரில் இரண்டு வெள்ளை வயர் இருந்தால் பெரும்பாலும் அவைதான் ஹீட்டர். கனெக்டரைப் பிரித்து, சென்ஸார் பக்கம் மல்ட்டிமீட்டரை வையுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் பிழைத்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அவுட்.

சரி, மாற்றியே ஆகவேண்டும் என்றால்? சில கார்களில் அது இன்ஜினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். கை போனால் ஸ்பேனர் போகாது, ஸ்பேனர் போனால் கண் போகாது. இதற்கென்றே பக்கவாட்டில் பிளந்த ஸாக்கெட் விற்கிறது. வயர் அந்தப் பிளவில் நுழைந்துகொள்ளும். பெரும்பாலான கார்களுக்கு 22 மி.மீ. கூடவே நீள எக்ஸ்டென்ஷன் ஒன்று, வளைந்து கொடுக்கும் ஜாயின்ட் ஒன்று. புது சென்ஸாரை ஜி.பி. ரோட்டில் பில் போட்டு, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். புதுப்பேட்டையில் எது வேண்டுமானாலும் கிடைக்கும்தான். ஆனால் அடுத்தவர் மூக்கு நமக்கெதற்கு?

முந்தின ராத்திரி, வண்டி ஆறியிருக்கும்போது, மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துங்கள். வெதுவெதுப்பு இருக்கவேண்டும், கொப்பளிக்கக் கூடாது. கையுறை கட்டாயம். அடியில் படுத்துத்தான் எட்டும் என்றால் தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி முட்டுக் கொடுக்கும் வேலையே வேண்டாம். அது சொல்லிக்கொண்டு உடையாது. இரும்பு ஸ்டாண்டு, சமதரை, பக்கத்தில் ஓர் ஆள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி. பாருங்கள்.

கொஞ்சம் இளகியதும் ஒரேயடியாகச் சுற்றாமல், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும். அரை மணி முயன்றும் அசையவில்லையா? விட்டுவிடுங்கள். பிடிவாதம் பிடித்தால் மேனிஃபோல்டின் மரை போய்விடும். சென்ஸார் செத்தாலும் வண்டி பொதுவாக ஓடும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அசையாததைக் கழற்றி, மரைக்கு டேப் போட்டுத் தர அங்கே ஆள் கிடைப்பார்.

புதுசை முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். மரையில் ஏற்கெனவே பசை தடவியிருந்தால் மேலே தடவ வேண்டாம். நுனியில் எதுவும் படக்கூடாது. இறுக்கம் சாதாரண கார் சென்ஸாருக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதுதான் சட்டம். வயரை வெட்டி ஒட்டுகிற ரகமாக இருந்தால் ஈயப் பற்று வைக்காதீர்கள்; பல சென்ஸார்கள் வயருக்குள் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கின்றன. அழுத்திப் பிணைக்கும் கிரிம்ப்தான் சரி. சிலிக்கான் பசை பக்கத்திலேயே வரக்கூடாது. வயர் சூடான குழாயைத் தொடாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.

கோடை அழித்துவிட்டு, பாடி மேம்பாலம் வரை ஒரு ரவுண்டு போய் வாருங்கள். பழைய மூக்கைக் குப்பையில் போடுமுன் நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிந்திருக்கிறது. வெள்ளைப் பூச்சு என்றால் கூலன்ட் கசிவோ, சிலிக்கான் பசையோ காரணமாக இருக்கலாம். கூலன்ட் என்றால் புது மூக்குக்கும் அதே கதிதான். மறுபடி மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்!