முட்டைக்கோஸ் வயலுக்கு உதவும் நூற்புழு

நூற்புழு என்றதும் நம் நெசவாள அங்கத்தினர்கள் அதனைப் பாவு நூலை அரிக்கும் பூச்சியென எண்ண வேண்டுவதில்லை. நூலிழை போன்ற மெல்லிய உடல் உடையது என்பதே பெயர்க் காரணம். மலைத்தோட்டக்காரர்கள் அப்பெயருக்கு அஞ்சுவதோ நியாயமே. 1961-ஆம் ஆண்டில் உதகை வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நூற்புழு, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்குவது. நாம் இங்குக் கூறுவது வேறு இனம். இது பயிரைத் தீண்டாது. பூச்சிகளின் புழுக்களையே நாடிச் செல்லும்.

கோஸ் நாற்றை நட்ட சில நாட்களில், தண்டு தரைமட்டத்தில் அறுபட்டுச் சாய்ந்து கிடப்பதைக் காலையில் கண்டிருப்பீர்கள். அது வெட்டுப்புழுவின் வேலை. பகலெல்லாம் மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் அதன்மீது, இலையில் தெளிக்கும் மருந்து எளிதில் படுவதில்லை. நூற்புழுவோ அம்மண்ணிலேயே வாழ்வது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் இளம்பருவம், வெட்டுப்புழுவின் வாய், ஆசனவாய், சுவாசத் துளை ஆகியவற்றின் வழியே உட்புகுந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாக்களை வெளியிடுகிறது. இரண்டொரு நாட்களில் வெட்டுப்புழு மடிகிறது. அவ்வுடலை உண்டு பெருகும் புதிய நூற்புழுக்கள், சுமார் இரண்டு வாரங்களில் வெளிப்பட்டு அடுத்த இரையைத் தேடும். 1992-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ‘ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா’ என்னும் இனம் நம் கோயம்புத்தூரில் கிடைத்ததேயாகும். அதனால் மடிந்த புழு செந்நிறம் கொள்ளும்.

இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியையும் இது ஒழிக்குமா எனப் பலர் வினவுகின்றனர். அதில் அதிகம் எதிர்பார்க்கலாகாது. இலைமேல் ஈரம் உலர்ந்து வெயிலும் பட்டால் நூற்புழு பிழைப்பதில்லை.

ஒரு சங்கத்திற்குத் தணிக்கைக்குச் சென்றபோது, நூற்புழுப் பொட்டலங்கள் தகரக் கூரைக் கிடங்கில் உர மூட்டைகளின்மேல் கிடக்கக் கண்டேன். பலனில்லையென்று அங்கத்தினர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தனர். செத்த சரக்கை விற்றால் வேறென்ன நேரும்? இது உயிர்ச் சரக்கு. தேவையை முன்கூட்டியே எழுதி வாங்கி, சரக்கு வந்தவுடன் அங்கத்தினர்களுக்கு வழங்கிவிடுவதே சங்கத்திற்கு நலம். வாங்குவோரும் உறையிலுள்ள தேதியைப் பார்த்து, சிறிதளவை நீரில் கரைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்குக. நெளிவன உயிருள்ளவை, குச்சிபோல் அசைவற்றுக் கிடப்பவை பெரும்பாலும் செத்தவை.

ஏக்கருக்குச் சுமார் 100 கோடி நூற்புழுக்கள் தேவை. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அளவினவாதலால் சிறு பொட்டலங்களிலேயே அடங்கும். வெயில் தாழ்ந்தபின், முன்னதாக நீர் பாய்ச்சிய மண்ணில் செடியின் அடியை நனைத்துத் தெளிக்க வேண்டும். தெளிப்பானின் வடிகட்டியைக் கழற்றிவிடுக; கரைசலை இடையிடையே கலக்குக, இன்றேல் புழுக்கள் அடியில் தங்கிவிடும். அதன்பின் ஒரு வாரமேனும் மண் காயாதிருத்தல் வேண்டும்.