கல்லூரியின் அறிவிப்புப் பலகை



கல்லூரி அலுவலகத்தின் வாயிலருகே கண்ணாடிக் கதவிட்ட பலகை ஒன்று இருக்கும். தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளைக் காண அதன்முன் கூட்டம் நெருக்கும். அதே பலகையின் மற்றொரு மூலையில், அறக்கட்டளைச் சொற்பொழிவு, கல்லூரிகளுக்கிடையே தடகளப் போட்டி, இளைஞர் விழாவுக்கான தேர்வு, நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் என நான்கைந்து தாள்கள் குத்தப்பட்டிருக்கும். அவற்றை நின்று படிப்பவர் மிகச் சிலர். இக்காலத்தில் அவை கைபேசிக்கும் வந்துவிடுகின்றன. அதனால் படிப்பவர் தொகை பெருகியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நான்கைந்து தாள்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திருப்பூரில் இதனைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இவ்வூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி 1966-இலும், எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி 1971-இலும் தொடங்கின. கோவையில் மருதமலை அடிவாரத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் தோன்றியபின் அதனோடு இணைந்தன. இங்குப் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தந்தை கட்டிங் மேசையில் நிற்பார். தாய் செக்கிங் பார்ப்பார். மாணவரும் மாலையிலும் விடுமுறையிலும் பனியன் கம்பெனிக்குச் செல்வார். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை வாரக்கூலி. இந்தக் கணக்கில் வாழும் இளைஞர், 'பிற்பகல் மூன்று மணிக்குச் சொற்பொழிவு' என்ற தாளைக் கண்டதும் 'இது வேறு யாருக்கோ' என்று கடந்து போவதில் வியப்பில்லை. நான் அவரைக் குறை கூற வரவில்லை. அத்தாள்களில் எழுதியிருப்பது என்ன, அது எவ்வாறு நடக்கிறது என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

முதலில் அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஒருவர் தம் பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறார். முதலைத் தொடக்கூடாது, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்து, குறித்த துறையில் பேசச் செய்யவேண்டும். நம் நாட்டிலும் மேலை நாட்டிலும் பெருநூல்கள் சில இவ்வழியே பிறந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளாக ராதா குமுத் முகர்ஜி ஆற்றிய உரைகளே சந்திரகுப்த மௌரியரைப் பற்றிய அவருடைய நூலாயின. தாகூர் 1930-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய ஹிப்பர்ட் சொற்பொழிவுகள், 'மனிதனின் சமயம்' பற்றிய நூலாக மறு ஆண்டே வெளிவந்தன. அதற்கு முந்திய ஆண்டு அதே வரிசையில் பேசியவர், நம் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். நூலாகப் பின்னர் விலைக்கு வரும் பொருளை, அது உருவாகும் நாளிலேயே காசின்றிக் கேட்பதுதான் இச்சொற்பொழிவு.

கேட்பதால் என்ன பயன் என்பீர்கள். இலண்டன் மாநகரில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய பையன் ஒருவன் இருந்தான், கொல்லர் மகன், பள்ளிப் படிப்பு சொற்பம். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் இரங்கி, 1812-இல் ராயல் கழகத்தில் ஹம்ப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞர் பேசும் நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். பையன் கேட்டவற்றையெல்லாம் குறித்துவந்து, படங்களும் வரைந்து, தன் தொழில் தெரிந்தவனாதலால் அதனைத் தானே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளனாக அமர்ந்தான். அவனே மைக்கேல் பாரடே. அவன் கண்டறிந்த மின்தூண்டலின் வழியில்தான் இன்று உங்கள் ஓவர்லாக் எந்திரத்தை ஓட்டும் மின்சாரம் பிறக்கிறது. சொற்பொழிவு கேட்டவர் எல்லாரும் பாரடே ஆகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பையனுக்கு அந்த அரங்கில் இடமில்லை என்பது பொய் என்று மட்டும் சொல்கிறேன்.

என் அனுபவமும் ஒன்று. இளம் ஆசிரியனாய் இருந்தபோது, வெயிலுக்கு அஞ்சி, மின்விசிறி உண்டே என்று ஓர் அரங்கில் போய் அமர்ந்தேன். வரவேற்புரை, அறிமுகவுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று; இந்நோய் இன்றும் தீரவில்லை. பின்னர்ப் பேச வந்தவர் கொடுமணலைப் பற்றிப் பேசினார். நொய்யல் கரையில், நம் ஊருக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கல்மணி செய்யும் தொழிலும் இரும்பு உருக்கும் தொழிலும் நடந்தன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் மக்கள் தம் பெயரைக் கீறி வைத்தனர். பதிற்றுப்பத்தும் அவ்வூரைக் குறிக்கிறது. நொய்யலைச் சாயக்கழிவு ஓடும் ஆறாக மட்டுமே அறிந்திருந்த நான், மறுநாள் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் பிள்ளைகள் அசையாமல் கேட்டனர். அந்த ஒரு மணி நேரத்திற்குரிய சரக்கு மின்விசிறியின் கீழ்க் கிடைத்தது.

இளைஞர் விழாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் இளைஞர் விழா 1954-இல் புதுதில்லியில் நடந்தது. இப்போது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதனை நடத்துகிறது. இசை, நடனம், நாடகம், இலக்கியம், நுண்கலை என ஐந்து பிரிவுகள். பாடவும் ஆடவும் வல்லவர்க்கே அது உரியது என்று எண்ணற்க. களிமண் உருவம் செய்தல், சுவரொட்டி வரைதல், கேலிச்சித்திரம், பலகுரல், ஊமை நாடகம் ஆகியனவும் அதில் அடங்கும். துணியின் மீது அச்சிடும் வடிவங்களை வரைந்து பழகிய திருப்பூர்க் கைக்குச் சுவரொட்டி வரைவது அரிய செயலா?

விளையாட்டில் மாணவர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. கல்லூரி அணிகள் தம்முள் மோதும்போது, வென்ற அணி கோப்பை பெறுகிறது. ஆனால் பல்கலைக்கழக அணியைத் தேர்பவர்கள் தோற்ற அணியின் ஆட்டக்காரரையும் கூர்ந்து நோக்குகின்றனர். சிறு கல்லூரியின் கபடி அணி முதல் சுற்றிலேயே வீழலாம். அதில் நன்கு ஆடிய ஒருவர் பல்கலைக்கழகச் சட்டை அணிந்து தென்மண்டலப் போட்டிக்குச் செல்லலாம். அங்கிருந்து அகில இந்தியப் போட்டி. அதற்கும் அப்பால், 1959-இல் இத்தாலியின் தூரின் நகரில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். 'எங்கள் அணி எப்படியும் தோற்கும்' என்று வராமல் இருப்பவர் இந்த வாயிலைத் தாமே சாத்திக்கொள்கிறார்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் தேர்ந்தவன். கல்லூரி சென்றபின் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்கு அவன் பெயர் போயிற்று. போட்டி நாள் சனிக்கிழமை. அவன் மாலையில் வேலை பார்த்த இடத்தில் ஏற்றுமதிச் சரக்கு அன்றிரவு புறப்படவேண்டும். வராதவனுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். 'ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு வேலையை விட முடியாதுங்க ஐயா' என்றான் அவன். நான் விடை சொல்லவில்லை. சொல்ல என்னிடம் விடை இல்லை. அவன் ஓடவேண்டிய பாதையில் ஏழு பேர் ஓடினர். இரண்டு நாள் முன்னதாக ஆசிரியர் ஒருவர் அந்தக் காண்ட்ராக்டரை நேரில் கண்டு பேசியிருந்தால் மாற்றாள் கிடைத்திருப்பார் என்பது எனக்குப் பின்னர்த்தான் தோன்றிற்று. அந்த ஆசிரியர் நானாகவும் இருந்திருக்கலாம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அளவு. முகாமைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

இனி நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு நாள். டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாள். ஜனவரி 11 கொடி காத்த குமரன் 1932-இல் உயிர் நீத்த நாள். மறுநாளே தேசிய இளைஞர் நாள். பிப்ரவரி 28 அறிவியல் நாள். இவற்றை ஒட்டிப் பெரும்பாலான கல்லூரிகளில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி இருக்கும். பாரதியாரும் 1921 ஜூலை இறுதியில் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்து வாசகசாலையில்தான் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். அடுத்த செப்டம்பரில் அவர் மறைந்தார். அன்று கேட்டவர்கள், வாசகசாலை வாயிலில் கண்ட ஓர் அறிவிப்பை நம்பி வந்தவர்களாகவே இருக்கவேண்டும்.

சென்ற மாதம் அந்த ஓட்டக்கார மாணவர் தொலைபேசியில் அழைத்தார். இன்று அவர் கட்டிங் மாஸ்டர். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்குத் தேர்ந்திருக்கிறாளாம். 'ஓ.டி. என்று ஏதோ கேட்கிறாளே, அது என்னங்க ஐயா?' என்றார். கல்லூரியின் சார்பாகப் போட்டிக்குச் செல்வதால் வருகைப் பதிவில் குறையாது, துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கவேண்டும் என்று விளக்கினேன். போட்டி என்றைக்கு என்று கேட்டேன்.

'சனிக்கிழமைங்க. நான் லீவு சொல்லிவிட்டேன்' என்றார்.