லயத்தில் கேஸ் கசிந்தால்: தொடக்கூடாதது எது, எழுதவேண்டியது எது?

லயக் காம்பராவில் கேஸ் வாசனை வந்தால் முதலில் லைட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். சிலர் தீக்குச்சி கிழித்தே கசிவைத் தேடுகிறார்கள். அடுப்பு தீப்பிடித்து ஒருவர் வெந்துபோனாலோ, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் காம்பரா கூட்டிக் கழுவப்பட்டிருக்கும். கடைக்காரர் அந்தச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருப்பார். பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முதல் தவறு உயிரை எடுக்கும். இரண்டாவது உரிமையை எடுக்கும்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, எரிவாயுக் கலவையை மாற்றியதே முக்கிய காரணம் என்றது. கலவையில் புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். நைந்த ஹோஸும் தளர்ந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்காது. அந்த ஆபத்தைச் சுமந்தது சமைத்துக்கொண்டிருந்த சனங்கள்தான்.

லயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது கூரைக்கு ஏறாது. தரையோடு பரவி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். பக்கத்துக் காம்பராவின் விறகு அடுப்பே அதற்குப் போதும்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். உள்ளே நின்று போன் பேசாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பராக்காரரையும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நுரை போதும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். இஸ்தோப்பில் காற்றோட்டமான இடமிருந்தால் அங்கே நிமிர்த்தி வையுங்கள். ஹோஸும் ரெகுலேட்டரும் எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூசாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்.

இனிச் சொல்வதுதான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். விபத்து நடந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ், அடுப்பு நான்கையும், ஆபத்து நீங்கியதும், பொலிஸ் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள். போட்டோ எடுங்கள். யார் கேட்டாலும் சிலிண்டரைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரி தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். அதன் மாவட்ட அலுவலகம் பதுளைக் கச்சேரியில் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் அழைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் சேரவேண்டும். வெடித்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

கடிதத்தில் வாங்கிய திகதி, கடையின் பெயர், சிலிண்டரில் பொறித்த இலக்கம், நிறை, சீல் இருந்த நிலை, விபத்து நடந்த நேரம், காயம், சேதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாடு, நோய் நிர்ணய அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேளுங்கள்.

"சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று எந்த உத்தியோகத்தரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தந்திருக்கிறது. தோட்டத்து மக்களை மூன்று தடவை அலையவிட்டு மூன்று மாதத்தைக் கடத்துவது நிர்வாகமல்ல, அநீதி. வழக்குவரை போகவேண்டி வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். பிள்ளைக் காம்பராவிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும்போது காயப்பட்டால் அது தனி விடயம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகத்திடம் நட்டஈடு கோரலாம்.

தலைவர்மாரே, படித்த இளைஞர்களே, உங்கள் லயத்தில் எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறோம்: வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், விபத்து நடந்தால் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.