கூகுள் எழுதும் பெயர்ப்பலகை

கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது ஓர் எழுத்துப் பிழையானாலும் நாம் விடுவதில்லை. பெயிண்டரை மறுபடியும் ஏணியில் ஏற்றித் திருத்த வைக்கிறோம். ஆனால் கூகுளில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படும் நம் பெயர்ப்பலகையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

தேடல் முடிவில் பெரிய எழுத்தில் வரும் வரியைத்தான் சொல்கிறோம். இணையதளம் அமைத்துத் தருபவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'டைட்டில்' என்று ஒரு வரி எழுதுகிறார். அதுவே அப்படியே வரும் என்று நாம் நினைக்கிறோம். அது சரியில்லை என்று பட்டால் கூகுள் வேறு சொற்களைப் போட்டுக்கொள்ளும்.

ஒரு காலத்தில் ஓப்பன் டைரக்டரி என்ற இணையப் பட்டியலில் உள்ள பெயரைக்கூட எடுத்துக் காட்டியது. அந்தப் பட்டியல் 2017-ல் மூடப்பட்டது. 2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்புக்குப் புதிய முறை கொண்டுவந்தது. தளம் வைத்திருப்போர் பலர் ஆட்சேபித்தார்கள். அடுத்த மாதமே முறையைச் சீர்செய்து, 87 சதவீதம் டைட்டில் வரியையே பயன்படுத்துவதாக அறிவித்தது.

மீதிக்கு எங்கிருந்து எடுக்கிறது? பக்கத்தின் மேலே உள்ள பெரிய தலைப்பிலிருந்து, கண்ணில் படும் மற்ற வரிகளிலிருந்து, பிறர் நம் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது எழுதும் சொற்களிலிருந்து.

கூகுள் கைவைக்கும் இடங்களில் நான்கைப் பார்ப்போம். டைட்டில் காலியாகவோ பாதியாகவோ இருப்பது ஒன்று. டைட்டிலில் 'தீபாவளி விலைப்பட்டியல் 2023' என்றிருக்க, உள்ளே தலைப்பு 2025 என்று சொல்வது இரண்டாவது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டிலை ஒட்டுவது மூன்றாவது. 'அரிசி, மலிவு அரிசி, நல்ல அரிசி, மொத்த அரிசி' என்று மூட்டையில் திணிப்பதுபோல் சொற்களைத் திணிப்பது நான்காவது.

பழைய ஆண்டு தெரிந்தால் வாடிக்கையாளர் கடை மூடிவிட்டது என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். நஷ்டம் நமக்குத்தான், அது கணக்குப் புத்தகத்தில் ஏறாத நஷ்டம்.

பரிகாரம் எளிது. பக்கத்துக்கு ஒரு டைட்டில். அதில் சரக்கின் பெயர், கடைப் பெயர், ஊர் இருந்தால் போதும். நீளம் கூடினால் கடைசிச் சொற்கள் திரையில் வெட்டுப்படும். ஆகவே முக்கியமானது முன்னால் வரட்டும். பக்கத்தின் பெரிய தலைப்பும் அதையே சொல்லட்டும். இரண்டும் ஒத்துப்போனால் கூகுள் மாற்றக் காரணம் குறைவு. இருந்தாலும் முடிவு அதன் கையில்தான்.

திருத்தியதும் மறுநாளே பலன் தெரியாது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்கச் சில நாட்களோ, சில வாரங்களோ ஆகலாம். இதற்குக் கூகுளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. 'கூகுளில் சொல்லித் தலைப்பை மாற்றித் தருகிறேன், பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் உஷாராக இருங்கள்.

இன்றிரவு கல்லாவைக் கட்டியபின், உங்கள் கடையின் பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.