வரைபடத்தில் கோடு, வயலில் கோபுரம்

டெல்லியில் உயர் அழுத்த மின்பாதைகளைத் திட்டமிடும்போது மத்திய மின்சார ஆணையமும் மத்திய மின்கடத்தல் நிறுவனமும் மாநிலங்களைக் கலந்து பேசுகின்றன. மின் உற்பத்தியாளர்களின் தேவையும் கணக்கில் வருகிறது. விவசாயிக்கு அங்கே இடமில்லை. பெரும்பாலும் சர்வேயர் வரப்பில் கால் வைத்த பிறகுதான் அவருக்குச் சேதி தெரிகிறது.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்பாதை அமைப்பவருக்கு வழங்க வகை செய்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் எழுப்பலாம். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும் மின்பாதைகளுக்காக இந்த அதிகாரம் காப்பாற்றப்பட்டது.

மாறியது இழப்பீடுதான். கோபுரத்தடி நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 சதவிகிதம் என்றது மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டு நெறி. 2024-ல் அது 200 சதவிகிதம் ஆனது. கம்பிகள் செல்லும் பாதைக்கு 30 சதவிகிதம்.

தொகை கூடியிருக்கிறது. ஆனால் கோடு எந்த வயல் வழியே போவது என்ற பேச்சு, வயல்காரர் இல்லாமலேதான் தொடங்குகிறது.